உச்சியில் காற்று திரும்பியது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடமேற்கு இங்கிலாந்தில் கார்லைல் நகரில் பல வருடங்களாக இருக்கிறேன். உங்கள் பத்திரிகையை இணையத்தில் தினமும் படிப்பவள். சில வாரங்களுக்கு முன் ஞாயிறு இணைப்பில், இங்கே பக்கத்தில் மலைகளும் ஏரிகளும் நிறைந்த லேக் டிஸ்ட்ரிக்ட் பற்றி ஒரு பயணக் கட்டுரை வந்திருந்தது. நாங்கள் வாரந்தோறும் நடக்கிற இடத்தைத் தமிழில் படித்ததில் பெரிய மகிழ்ச்சி. எழுதியவருக்கு நன்றி. ஆனால் அதில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. 'கோடையில் வந்தால் கவலையில்லை, தண்ணீர் பாட்டிலோடு எந்தக் குன்றிலும் இரண்டு மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடலாம்' என்று இருந்தது. அந்த வரிக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். இந்த மே மாதக் கடைசியில் எங்களுக்கு நடந்ததைச் சொன்னாலே போதும் என்று தோன்றியது, அதைச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு சின்னத் திருத்தம். இங்கிலாந்தின் மிக உயர்ந்த மலையான ஸ்கேஃபெல் பைக்கின் உயரம் 978 மீட்டர். கட்டுரையில் 987 என்று அச்சாகியிருக்கிறது.

விடுமுறைக்கு என் தம்பியும் அவன் மகளும் வந்திருந்தார்கள். அவளுக்கு வயது 16. மே மாதக் கடைசித் திங்கட்கிழமை இங்கே பொது விடுமுறை. அன்று கெசிக் ஊர்ப் பக்கம் போனால் வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காது. கேட்பெல்ஸ் குன்று வெறும் 451 மீட்டர்தான், ஆனாலும் விடுமுறை நாளில் அதன் முகட்டில் வரிசையாகத்தான் நடக்க வேண்டும். தம்பிக்குக் கூட்டம் ஆகாது. "யாருமே இல்லாத மலை ஒண்ணு காட்டு அக்கா" என்றான். அதனால் போஸ்கேல் ஃபெல்லுக்குக் கூட்டிப்போனேன்.

'ஃபெல்' என்பது இங்கே மலைக்குப் பெயர். ஆயிரம் வருடங்களுக்கு முன் வந்து குடியேறிய நார்ஸ் (ஸ்காண்டிநேவிய) மக்கள் விட்டுப்போன சொல். ஓடைக்கு 'பெக்', மலைமேல் இருக்கும் சிறு நீர்நிலைக்கு 'டார்ன்'. இரண்டும் அவர்களுடையவைதான். டார்னை நான் சுனை என்றே சொல்வேன். போஸ்கேல் ஃபெல் 702 மீட்டர். இந்த வட்டாரத்தில் 214 குன்றுகள் கொண்ட ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏறி முடிப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காக இந்தக் குன்றுக்கும் ஆள் வரும், ஆனால் பக்கத்திலேயே 868 மீட்டரில் பிளென்காத்ரா நிற்பதால் பெருங்கூட்டம் அங்கே போய்விடும். அதன் முதுகுப்புறம் இருக்கும் இந்தக் குன்று அமைதியாகக் கிடக்கும்.

மங்ரிஸ்டேல் என்கிற சிற்றூரில் வண்டியை விட்டோம். அங்கிருந்து சிறிய தார்ச்சாலையில் போஸ்கேல் குக்கிராமம், அப்புறம் மலைச்சரிவை ஒட்டிச் சுனைக்குப் போகும் பழைய பாதை, சுனையிலிருந்து உச்சி, உச்சியிலிருந்து கிழக்கு முகடு வழியாக மறுபடியும் மங்ரிஸ்டேல். மொத்தம் சுமார் 9 கிலோமீட்டர், ஏற்றம் 480 மீட்டர் அளவில். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் சொன்ன ஒரு கணக்கு உண்டு. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. அப்படிப் பார்த்தால் இது இரண்டரை மணிக்குச் சற்றுக் கூடுதல். உங்கள் கட்டுரையாளர் சொன்ன இரண்டு மணியும் ஏறக்குறைய அங்கேதான் வருகிறது. ஆனால் அது நிற்காமல், உட்காராமல், நல்ல வானிலையில் நடக்கும் பழகிய காலுக்கான கணக்கு. எங்களுக்கு ஐந்தரை மணி நேரம் ஆயிற்று.

காலையில் கிளம்பும்போது வீட்டு வாசலில் நல்ல வெயில். ஊருக்கான வானிலை அறிக்கை 'ஒரு சில தூறல்' என்றது. நான் எப்போதும் மலைக்கென்று தனியாக வரும் அறிக்கையைத்தான் பார்ப்பேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புதிதாக வருபவர்களுக்குத் தெரிவதில்லை. மலை அறிக்கை வேறு கதை சொன்னது. பகல் ஒரு மணியளவில் மேற்கிலிருந்து ஒரு குளிர்முகம், அதாவது குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு, கடக்கும், மேகம் 500 மீட்டர் வரை இறங்கும், உச்சியில் வெப்பம் 7 டிகிரி, காற்று மணிக்கு 30 மைல், முதலில் தென்மேற்கிலிருந்து, அப்புறம் வடமேற்குக்குத் திரும்பும். 7 டிகிரியில் அந்தக் காற்றடித்தால் உடம்புக்கு 1, 2 டிகிரி போலத்தான் இருக்கும். இதையெல்லாம் படித்தேன். கடைசி விவரத்தையும் படித்தேன். அதைப் பிறகு மறந்தேன்.

சுனை வரைக்கும் நடை சுகம். வானம்பாடிகள் கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் பாடிக்கொண்டே இருந்தன. பெரணிச் செடிகள் அப்போதுதான் சுருள் அவிழ்த்துக்கொண்டிருந்தன. சரிவில் ஹெர்ட்விக் ஆடுகள். தாயின் முகம் வெள்ளை, உடம்பு சாம்பல், குட்டி மட்டும் கன்னங்கரேல். மருமகள் நம்பவே இல்லை. "அத்தை, இது அதோட குட்டியே இல்ல" என்றாள். வளர வளர நிறம் மாறும் என்று சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். இந்த மலைமேல் வேலி கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு மந்தையும் தன் பகுதியை விட்டுப் போகாது. எது தன் இடம் என்று தாயிடமிருந்து குட்டி கற்றுக்கொள்கிறது, அதன் குட்டி அதனிடமிருந்து. 2001-இல் கோமாரி நோய் வந்து இந்த வட்டாரத்தில் மந்தை மந்தையாக ஆடுகளைக் கொல்ல வேண்டி வந்தபோது, இங்குள்ளவர்கள் இழந்தது ஆடுகளை மட்டுமல்ல, அந்த நினைவையும்தான். ஆடுகளைத் துரத்திவிடக் கூடாது என்றுதான் நாயோடு வருபவர்கள் அதைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்று இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறார்கள்.

போஸ்கேல் டார்ன் பனியாறு குடைந்த குழி. பனியாறு தள்ளிக்கொண்டு வந்து போட்ட மண்ணும் கல்லும்தான் அதற்கு இயற்கையான கரை. மூன்று பக்கமும் சுவர் போல் சரிவு. தண்ணீர் கறுப்பாக இருந்தது. சாவே இல்லாத இரண்டு மீன்கள் இதில் வாழ்வதாக இந்தப் பக்கத்தில் பழங்கதை. மருமகள் கரையில் குந்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் தண்ணீருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் தம்பியும் ஒன்றும் பேசவில்லை. ஓடை வெளியேறும் சத்தம், எங்கோ ஒரு ஆட்டின் குரல். வேறு எதுவும் காதில் விழவில்லை. "வண்டிச் சத்தமே இல்ல, கவனிச்சியா அக்கா?" என்று தம்பி மெதுவாகக் கேட்டான். இதற்காகத்தான் நான் இந்த மலைகளுக்கு வருகிறேன், ஆசிரியர் அவர்களே. இதை உங்கள் வாசகர்களுக்கும் காட்ட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். பயமுறுத்தி விரட்டுவதற்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

அங்கே ஒரு முதியவர் நாயோடு மேலிருந்து இறங்கி வந்தார். அன்று மலையில் நாங்கள் சந்தித்த ஒரே மனிதர். பிளென்காத்ராவின் தலை மேகத்துக்குள் போய்விட்டது, இன்னும் ஒரு மணி நேரத்தில் இங்கேயும் வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த இடத்தில் திரும்பியிருக்கலாமா? வீட்டுக்கு வந்த பிறகும் இதை யோசித்தேன். எங்களிடம் மழை ஜாக்கெட், மழைக்கால்சட்டை, கையுறை, கம்பளித் தொப்பி, கூடுதலாக ஒரு ஸ்வெட்டர், பிளாஸ்கில் சூடான தேநீர், விசில், டார்ச், 1:25,000 அளவு வரைபடம், திசைகாட்டி எல்லாம் இருந்தன. எந்த வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்பதைக் கணவரிடம் எழுதிக் கொடுத்திருந்தேன். குன்றோ உருண்டையான புல்மேடு, பாறை ஏற வேண்டியதில்லை. போனது தவறு என்று இப்போதும் நினைக்கவில்லை. இதில் பாதி இல்லாமல் வந்திருந்தால் அங்கேயே திரும்பியிருப்பேன்.

சுனை ஓரத்திலிருந்து விளிம்புக்கு ஏறும் ஒற்றையடிப்பாதை செங்குத்து. தம்பிக்கு மூச்சு வாங்கியது. விளிம்புக்கு வந்து தலையை நீட்டியதும் காற்று முகத்தில் அறைந்தது. உச்சிக்குப் போய்ச் சேருவதற்குள் மேகம் வந்துவிட்டது. பத்தடி தள்ளி நின்ற மருமகள் ஒரு நிழல் போலத் தெரிந்தாள். உச்சியில் காற்று மறைப்பாக வட்டமாய் அடுக்கிய கற்கள் உண்டு. அதற்குள் ஒடுங்கி உட்கார்ந்து, கூடுதல் உடைகளை மாட்டிக்கொண்டு, ரொட்டியும் தேநீரும் முடித்தோம். மழை கல்லுக்கு மேலே கிடைமட்டமாகப் போனது. இருபது நிமிடம் போல உட்கார்ந்திருப்போம்.

இப்போது என் தவறு. நாங்கள் இறங்க வேண்டியது கிழக்கு முகட்டில். ஏறி வரும்போது காற்று தென்மேற்கு. ஆகவே கிழக்கே நடந்தால் காற்று முதுகில், சற்றே வலப்பக்கமாக, பட வேண்டும். அதைத் தம்பிக்கும் சொல்லிக்கொடுத்தேன். "வலது தோளுக்குப் பின்னால காத்து இருந்தா சரியான வழி." சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன். கையில் திசைகாட்டி இல்லை. மருமகள் பழகட்டும் என்று அவளிடம் கொடுத்திருந்தேன். காலடியில் ஒரு தடம் தெரிந்தது, நிலம் மெதுவாகச் சரிந்தது, காற்று சரியாக வலது தோளுக்குப் பின்னால். எல்லாமே பொருந்தியது.

கொஞ்ச தூரம் போயிருப்போம். பின்னாலிருந்து மருமகள் குரல். "அத்தை, ஊசி இதைத் தெற்குன்னு காட்டுது."

என் முதல் பதிலை மறைக்காமல் எழுதுகிறேன். "நீ சரியா பிடிக்கலம்மா" என்றேன். அவள் நின்றுவிட்டாள். ஒரு கையில் தட்டையாகப் பிடித்து, ஊசி ஆடி அடங்கும் வரை காத்திருந்து, மறுபடியும் பார்த்தாள். "இல்ல அத்தை. தெற்குதான்." திரும்பிப் போய் வாங்கிப் பார்த்தேன். தெற்கேதான், சற்றுக் கிழக்காகச் சாய்ந்து, போய்க்கொண்டிருந்தோம். நாங்கள் கல்மறைப்பில் உட்கார்ந்திருந்த நேரத்தில் குளிர்முகம் எங்களைக் கடந்துவிட்டது. காற்று வடமேற்குக்குத் திரும்பிவிட்டது. காலையில் அறிக்கையில் படித்தேனே, அதேதான். காற்றை அதே தோளில் வைத்துக்கொண்டு நான் கால்வட்டம் திரும்பி நடந்திருக்கிறேன். உடம்புக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதே வழியில் போயிருந்தால் தாழ்வில் இறங்கி, மறுபடியும் ஏறி, பேனர்டேல் கிராக்ஸ் என்கிற குன்றுக்குப் போய்ச் சேர்ந்திருப்போம். அதன் கிழக்கு முகம் பாறைச் சரிவு. இறங்கும் வழி கிழக்கே இருக்கிறது என்ற நினைப்போடு, மேகத்துக்குள், அந்த விளிம்பில் மூன்று பேர் நிற்பதை நினைத்தால் இதை எழுதும்போதும் வயிறு குளிர்கிறது.

அப்புறம் செய்ததெல்லாம் பாடப்புத்தக முறை. குறுக்கே வெட்டிப் போகலாமா என்று தம்பி கேட்டான். வேண்டாம் என்றேன். எங்கே நிற்கிறோம் என்று உறுதியாகத் தெரிந்த கடைசி இடம் உச்சிக் கற்கள்தான். அங்கேயே திரும்புவோம் என்று சொல்லி, நேர் எதிர்த்திசையில் அடி எண்ணிக்கொண்டு நடந்தோம். இடது, வலது இரண்டும் சேர்ந்து ஒரு இரட்டை அடி. எனக்கு 65 இரட்டை அடி ஏறக்குறைய 100 மீட்டர். 150 எண்ணுவதற்குள் கல் தெரிந்தது. போனிலும் வரைபடம் இருந்தது, ஆனால் நனைந்த விரலுக்குத் திரை அசையவில்லை. சிக்னலும் இல்லை. காகித வரைபடத்தைக் கல்மறைப்புக்குள் விரித்து, கிழக்கு முகட்டுக்குக் கோணம் எடுத்து, திசைகாட்டியை மறுபடியும் மருமகள் கையிலேயே கொடுத்தேன். அவள் முன்னால் போனாள், நாங்கள் பின்னால். இந்தத் தடவை காற்று இடது பக்கம் அடித்தது. உடம்பு முழுக்க "தப்பு, தப்பு" என்றது. ஊசி சொன்னபடி நடந்தோம்.

அரை மணி நேரம் கழித்து மேகம் கிழிந்தது. கிழிந்தது என்றுதான் சொல்ல வேண்டும், விலகவில்லை. ஒரு ஓட்டை விழுந்து, அதற்குள் பச்சை வயல்கள், கற்களை அடுக்கிக் கட்டிய வேலிச் சுவர்கள், பின்னால் ஈடன் பள்ளத்தாக்கு முழுதும் வெயிலில் கிடந்தது. அதற்கும் அப்பால் பென்னைன் மலைத்தொடர், அதன் உச்சியான 893 மீட்டர் கிராஸ் ஃபெல். முகடு எங்கள் காலடியில், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. தம்பி ஒன்றும் பேசாமல் மகளின் தலையில் கை வைத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஊருக்குள் இறங்கியபோது நல்ல வெயில், அரைக்கைச் சட்டையோடு மக்கள் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் கையுறையைப் பார்த்து ஒரு குழந்தை சிரித்தது. நிமிர்ந்து பார்த்தேன். நாங்கள் நின்ற உச்சியில் மட்டும் ஒரு வெள்ளைத் தொப்பி. கீழே இருந்து பார்க்கிறவருக்கு அது அழகான மேகம், அவ்வளவுதான்.

இதனால்தான் எழுதுகிறேன். இங்கிலாந்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களும், பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோரும் இப்போது இந்த மலைகளுக்கு நிறைய வருகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் ஸ்கேஃபெல் பைக் பாதையில் செருப்புக் காலோடும், ஒரு சட்டையோடும் பிள்ளைகளைக் கூட்டிவருபவர்களையும் பார்த்திருக்கிறேன். கேட்டால் 'கோடைதானே' என்கிறார்கள். அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் மோதி எழும்புவது இந்த மலைகளில்தான். ஸ்கேஃபெல்லுக்கு அடியில் இருக்கும் சீத்வெயிட் இங்கிலாந்திலேயே அதிக மழை பெறும் ஊர். 100 மீட்டர் ஏறினால் அரை டிகிரிக்கு மேல் குளிரும், காற்று வேறு. ஜூனிலும் நான் கையுறை போட்டிருக்கிறேன். குளிர்காலத்தில் தேசியப் பூங்காவின் ஆட்கள் தினமும் 950 மீட்டர் ஹெல்வெலின் மேல் ஏறிப்போய், அங்கே பனி எப்படி, காற்று எப்படி என்று நேரில் பார்த்து அறிக்கை தருகிறார்கள். கீழே இருந்து சொல்ல முடியாது என்பதால்தானே அப்படி?

கூட்டமான மலையில் வழி தவறினால் கேட்க ஆள் இருக்கும். அமைதியான மலையில் கிடையாது. அதனாலேயே அங்கே போகாதீர்கள் என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. போஸ்கேல் சுனைக்கு உங்கள் வாசகர்கள் போக வேண்டும். சுனையோடு திரும்பினாலும் அது நிறைவான ஒரு நாள். அங்கே போக விரும்புகிறவருக்கு, ஊர் வானிலையை அல்ல, மலை வானிலையைப் பாருங்கள் என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். ஆபத்தென்றால் 999-ஐ அழைத்து முதலில் போலீஸ், அப்புறம் மலை மீட்புக் குழு என்று கேட்க வேண்டும் என்பதையும் போடுங்கள். போன் எடுக்காத இடத்தில் ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடியும் ஊத வேண்டும். இது நம் ஆட்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மீட்புக் குழுவில் வருபவர்கள் தன்னார்வலர்கள். கடையிலும் பள்ளியிலும் வேலை பார்ப்பவர்கள் பாதி வேலையில் எழுந்து வருகிறார்கள். கட்டணம் வாங்குவதில்லை. தேவையில்லாமல் அவர்களை மழைக்குள் இழுக்கக் கூடாது.

மருமகள் ஊருக்குத் திரும்பும்போது அந்தத் திசைகாட்டியை அவளுக்கே கொடுத்துவிட்டேன்.

அடுத்த முறை இந்தப் பகுதியைப் பற்றி எழுதும்போது படம் தேவைப்பட்டால், என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று சுனை. கரையில் குந்தியிருக்கும் பெண்ணின் முதுகு, அசையாத கறுத்த தண்ணீர். இன்னொன்று உச்சியில் எடுத்தது. ஓரத்தில் ஒரு கல், மீதி முழுக்க வெள்ளை. இரண்டையும் அனுப்பி வைக்கிறேன். போடுவதென்றால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கார்லைல், இங்கிலாந்து.